பெரியவர்களின் உணர்ச்சிக் கொந்தளிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனநல ஆலோசனைக்கு வருவோரை முதலில் சந்தித்து விவரம் கேட்டு எழுதும் பணியில் இருப்பதால், ஒரே ஐயத்தைப் பலர் பலவிதமாகக் கேட்பதைப் பார்த்துவருகிறேன். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னும் சிக்கலானவை பின்னும் வருகின்றன. மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்லும் முடிவுக்கு இது மாற்று ஆகாது.

கோபமே வராத மனுஷன் யாரு சார் இருக்காங்க? இதைப் போய் ஏன் ஒரு குறையா பேசணும்?

கோபம் வருவதில் குறை ஒன்றும் இல்லை. ஏமாற்றப்பட்டவருக்கும் இழிவுபடுத்தப்பட்டவருக்கும் கோபம் வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். இங்கே கொந்தளிப்பு என்று சொல்லப்படுவது, நடந்த காரியத்தின் அளவுக்குப் பொருந்தாத வேகத்தில் எழுந்து, சொல்லையும் கையையும் நம் பிடியிலிருந்து பறித்துக்கொண்டு, அடங்கிய பிறகு 'இதற்காகவா இவ்வளவு' என்று நம்மையே கூசவைக்கும் நிலை. குழம்பில் உப்புக் கூடிவிட்டதற்கு எரிச்சல் வருவது கோபம். அதற்காகத் தட்டு சுவரில் மோதிச் சிதறினால் அது கொந்தளிப்பு.

எவ்வளவு விரைவில் எழுகிறது, எவ்வளவு உச்சத்துக்குப் போகிறது, பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்ற மூன்றையும் கவனித்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் விடைகள் பலவற்றுக்கும் இவைதாம் அடிப்படை.

எனக்குக் கத்த வராது. அழுகைதான் வரும், அதுவும் மேனேஜர் முன்னாடி. அதுவும் இதுல சேருமா?

சேரும். கத்தல், அடக்க முடியாத அழுகை, பொருளை வீசுதல், தன்னையே அறைந்துகொள்ளுதல், கதவை அறைந்து சாத்திவிட்டுப் போய்ச் சாப்பாட்டைத் தவிர்த்தல் என வடிவங்கள் வேறாக இருந்தாலும் உடலுக்குள் நடப்பதில் பெரும்பகுதி ஒன்றுதான். கத்துபவரைக் கறாரானவர் என்றும் அழுபவரைத் தாங்கும் சக்தி இல்லாதவர் என்றும் அலுவலகங்கள் தரம் பிரிப்பது வேடிக்கையானது. இருவருமே அந்த நேரத்தில் பிடி இழந்தவர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பக்கவாதத்துக்குப் பிறகோ வேறு நரம்பு நோயாலோ, மனத்தில் துயரமே இல்லாதபோது அழுகையும் நகைப்பதற்கு எதுவுமே இல்லாதபோது சிரிப்பும் பீறிட்டு வருவதுண்டு. அது உணர்ச்சியின் மிகுதி அன்று. நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டிய தனி நிலை, சிகிச்சையும் உண்டு.

அந்த நேரத்துல என்ன பேசுறேன்னே தெரியலை. உடம்புக்குள்ள என்னதான் நடக்குது?

அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915-இல் வெளியிட்ட நூலிலேயே இதன் அடிப்படையை விளக்கிவிட்டார். அச்சத்திலும் சினத்திலும் அட்ரினலின் சுரந்து, இதயத் துடிப்பு ஏறி, குருதி தசைகளுக்குப் பாய்ந்து, எதிர்த்து நிற்கவோ ஓடித் தப்பவோ உடல் ஆயத்தமாகிறது. ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்னும் மூளைப்பகுதி விழித்துக்கொள்ள, நெற்றிக்குப் பின்னால் இருந்து நிதானமாக எடைபோடும் முன்மூளையின் பிடி கடும் மனஅழுத்தத்தில் தளர்கிறது. மாமியாரின் ஒரு சொல்லுக்கும் துரத்தி வரும் நாய்க்கும் உடல் ஏறத்தாழ ஒரே முறையில்தான் ஆயத்தமாகிறது என்பதே சங்கடம்.

இதிலிருந்து நடைமுறைக்கு வேண்டிய இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. உச்சத்தில் இருப்பவரிடம் நியாயம் பேசிப் பயனில்லை, ஏனெனில் நியாயத்தைக் கேட்டு எடைபோட வேண்டிய பகுதிதான் அப்போது வலுவிழந்திருக்கிறது. அடுத்து, கத்தல் ஓய்ந்துவிட்டாலும் உடலின் கிளர்ச்சி உடனே தணிவதில்லை. அந்த மிச்சத்தோடு இருக்கும்போது வரும் இரண்டாவது சிறு உரசல் முதலாவதைவிட எளிதில் பற்றிக்கொள்ளும். ஒரே மாலையில் மூன்று சண்டைகள் நடக்கும் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

அப்படின்னா என் கையில எதுவுமே இல்லையா?

உச்சத்தில் உங்கள் கையில் இருப்பது மிகவும் குறைவு. அதற்கு முந்தைய சில நிமிடங்களிலும், அதற்கும் முந்தைய நாள் முழுவதிலும், அடங்கிய பின் வரும் நாட்களிலும் இருப்பது மிக அதிகம். 'அடக்கிக்கொள்' என்று நம்மைச் சுற்றியிருப்போர் சொல்வதெல்லாம் அந்த உச்சத்தைக் குறித்தே. முயன்று முயன்று தோற்பவர் தன் மீதே நம்பிக்கை இழப்பதற்கு, முயற்சியைத் தவறான நேரத்தில் வைப்பதே பெரிய காரணம் என்பது என் கருத்து.

வர்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமா? எனக்குச் சட்டுன்னு வருதே.

'சட்டென்று' என்று சொல்பவர்களிடம் சில வாரங்களுக்குக் குறிப்பு எழுதச் சொன்னால், பெரும்பாலோருக்கு முன்னறிகுறிகள் புலப்படத் தொடங்கும். தாடை இறுகுதல், காதோரம் சூடேறுதல், மூச்சு மேல்நெஞ்சிலேயே நின்றுவிடுதல், ஒரே வாக்கியத்தைக் குரல் உயர்த்தித் திரும்பத் திரும்பச் சொல்லுதல் ஆகியவை பொதுவானவை. பேச்சில் 'எப்பவுமே', 'ஒருநாள்கூட' என்னும் சொற்கள் நுழையத் தொடங்குவதை நான் மிக நம்பகமான அறிகுறியாகக் கருதுகிறேன். உடலைக் கவனித்துப் பழகாதவர்கூடத் தன் காதால் இதைக் கேட்டுவிடலாம்.

குறிப்பில் சண்டையின் காரணத்தை மட்டும் எழுதாதீர்கள். முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், மது அருந்தினீர்களா, அப்போது மணி என்ன, எதிரில் யார் இருந்தார் என்பவற்றையும் எழுதுங்கள். 2007-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், ஏறத்தாழ 35 மணி நேரம் தூங்காமல் இருந்தவர்களுக்கு மனத்தை உறுத்தும் படங்களைக் காட்டியபோது, தூங்கியவர்களைவிட அமிக்டலாவின் எதிர்வினை 60 விழுக்காடு மிகுந்திருந்தது. இரவுப் பணிக்குப் போய் வருபவரும் கைக்குழந்தை வைத்திருக்கும் தாயும் தங்கள் குணத்தைப் பழிப்பதற்கு முன் தூக்கத்தைக் கணக்கெடுக்க வேண்டும்.

குறிப்புகள் சேர்ந்ததும் அவற்றில் ஓர் ஒழுங்கு தென்படும். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்த முதல் அரைமணி நேரத்திலேயே பாதிக்கு மேற்பட்ட சண்டைகள் நடக்கின்றன என்று தெரிந்தால், அந்த அரைமணியில் கணக்குவழக்கோ பிள்ளையின் மதிப்பெண் பட்டியலோ பேசுவதில்லை என்று வீட்டில் உடன்படிக்கை செய்துகொள்வது எந்த மூச்சுப் பயிற்சியையும்விடப் பயன் தரும்.

பத்து வரைக்கும் எண்ணிப் பார்த்தேன். ஒன்னும் ஆகலையே?

பத்து நொடிகள் போதாது என்பதோடு, வாய் எண்ணிக்கொண்டிருக்கும்போதே மனம் அடுத்து எறிய வேண்டிய சொல்லைத் தேடிக்கொண்டிருப்பதும் ஒரு காரணம். உடல்வழியே வந்ததை உடல்வழியே இறக்குவது எளிது. மூச்சை உள்ளிழுக்கும் நேரத்தைவிட வெளிவிடும் நேரத்தை நீட்டுங்கள். நான்கு எண்ணிக்கையில் இழுத்தால் ஆறு அல்லது எட்டு எண்ணிக்கையில் விடலாம். சில நிமிடங்கள் இப்படிச் செய்தால் இதயத் துடிப்பு இறங்கத் தொடங்கும்.

கொந்தளிப்பு கடுமையாக இருப்பவர்களுக்காக மார்ஷா லினஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த சிகிச்சைமுறையில் குளிர்ந்த நீரும் இடம்பெறுகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்களும் கன்னங்களும் நனையும்படி முகத்தைக் குளிர்நீரில் சில நொடிகள் ஆழ்த்தினாலோ, ஐஸ் சுற்றிய துணியை வைத்தாலோ, நீரில் மூழ்கும்போது உடல் காட்டும் இயல்பான மறிவினையால் துடிப்பு குறைகிறது. இதய நோய் உள்ளவர்களும் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது.

பாதிப் பேச்சுல எழுந்து போனா, 'திமிரைப் பாரு'ன்னு சண்டை இன்னும் பெருசாகுது. என்ன பண்றது?

முன்னறிவிப்பு இல்லாமல் விலகிப்போவது எதிரில் இருப்பவருக்கு அவமதிப்பாகவே தெரியும். ஆகவே இருவரும் அமைதியாக இருக்கும் ஒருநாளில் உடன்படிக்கை செய்துகொள்ளுங்கள். விலகும்போது சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று, திரும்பி வரும் நேரம் ஒன்று: 'இப்ப பேசினா தப்பாப் பேசிடுவேன், எட்டு மணிக்கு வந்து பேசுறேன்.' குறைந்தது 20 நிமிடங்களாவது தள்ளிவையுங்கள். எட்டு மணிக்கு நீங்களே வந்து பேச்சைத் தொடங்குவதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது; வராமல் இரண்டுமுறை ஏமாற்றினால், மூன்றாம் முறை உங்களைப் போகவிடமாட்டார்கள், அது அவர்கள் குற்றமும் ஆகாது.

ஒற்றை அறை வீட்டில் எங்கே போவது என்று கேட்கிறார்கள். மொட்டைமாடி, தெருமுனை வரை ஒரு நடை, குளியலறை எதுவானாலும் சரி. பைக் சாவியை மட்டும் எடுக்காதீர்கள். அந்த இடைவெளியில் சண்டையை மனத்துக்குள் மறுபடியும் ஓட்டிப் பார்ப்பதும், அக்காவுக்கு அழைத்து நடந்ததை எல்லாம் சொல்லிக் கொதிப்பதும் விலகி நின்றதன் பயனை அழித்துவிடும்.

மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டா நோய் வரும், கொட்டித் தீர்த்துடணும்னு சொல்றாங்களே?

பரவலான நம்பிக்கை, ஆனால் ஆய்வுகள் இதற்கு எதிராகவே நிற்கின்றன. 2002-இல் அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் வெளியிட்ட ஆய்வில், தம்மைச் சினமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் தணியவில்லை. சும்மா அமர்ந்திருந்தவர்களைவிட அவர்களே அதிகக் கோபத்தோடு இருந்தார்கள். அவரும் இன்னோர் ஆய்வாளரும் சேர்ந்து 154 ஆய்வுகளைத் தொகுத்து 2024-இல் வெளியிட்ட பகுப்பாய்வும், மூச்சுப் பயிற்சி, தியானம், தசைகளைத் தளர்த்துதல் போன்று உடலின் கிளர்ச்சியைக் குறைப்பவையே கோபத்தைக் குறைக்கின்றன என்று காட்டியது. உடலுக்கு நல்லதான மெல்லோட்டம்கூடக் கோபத்தைத் தணிக்கவில்லை.

அதற்காக விழுங்கிவிட வேண்டும் என்று பொருளில்லை. முகத்தில் காட்டாமல் அடக்குவதால் உள்ளே இருக்கும் உணர்ச்சி குறைவதில்லை, உடலின் பளு கூடத்தான் செய்கிறது. இடையில் ஒரு வழி இருக்கிறது: உணர்ச்சிக்குப் பெயர் கொடுப்பது. 'கோபம்' என்று பொதுவாக நிறுத்தாமல், 'எல்லோர் முன்னாலும் என் பேச்சை வெட்டியதில் அவமானமாக இருக்கிறது' என்று தெளிவாகத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது. உணர்ச்சியைச் சொல்லால் குறிக்கும்போது அமிக்டலாவின் செயல்பாடு தணிவதை 2007-இல் வெளியான மூளைப்பட ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. அந்த வாக்கியத்தைத் தணிந்த பிறகு உரியவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

ஆஃபீஸ்ல தங்கமான மனுஷன்னு பேரு. வீட்டுக்கு வந்தாதான் இப்படி. அப்போ நான் நடிக்கிறேனா?

பாதி விடை இரக்கத்துக்குரியது. பகல் முழுவதும் தன்னைப் பிடித்துவைத்துக்கொண்டிருப்பவர் மாலையில் களைத்துப்போயிருக்கிறார். கைவிட்டுவிட மாட்டார்கள் என்று நம்பும் இடத்தில்தான் கட்டு அவிழ்கிறது.

மறுபாதி அவ்வளவு இதமாக இல்லை. மேலதிகாரி இதைவிடக் கடுமையாகப் பேசியபோது வாய் மூடியிருக்க முடிந்தது என்றால், பிடி முற்றிலும் போய்விடுவதில்லை என்றுதானே பொருள்? விளைவு இருக்கும் இடத்தில் அடங்குவதும் விளைவு இல்லாத இடத்தில் அவிழ்வதும் நோயைவிட அதிகாரத்தைப் பற்றியே அதிகம் சொல்கின்றன. உங்கள் குறிப்பேட்டில் 'எதிரில் யார்' என்ற பத்தியில் மனைவி, மகள், வீட்டு வேலைக்கு வருபவர், கடைநிலை ஊழியர் ஆகியோர் மட்டுமே இருந்தால், மூச்சுப் பயிற்சிக்கு முன் அந்தப் பட்டியலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். நல்ல செய்தி என்னவென்றால், அலுவலகத்தில் பயன்படும் அதே பிடியை வீட்டுக்கும் கொண்டுவர முடியும். அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது.

எங்க அப்பாவும் இப்படித்தான், தாத்தாவும் இப்படித்தான். ரத்தத்துல வந்ததை மாத்த முடியுமா?

சீற்றத்தின் வேகத்தில் மரபணுவுக்கும் பங்கு உண்டு. ஆனால் தட்டை வீசுவது மரபணுவில் வருவதில்லை. தட்டு வீசப்பட்ட வீட்டில் வளர்ந்து பார்த்துக் கற்றது. கற்றதை மாற்றிக் கற்கலாம்.

இது வியாதியா? டாக்டரைப் பார்க்கணுமா?

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டில் இடைவிட்டு வரும் வெடிப்புக் கோளாறு என்று ஒன்று இருக்கிறது. திட்டமிடாமல், காரணத்தை மீறிய அளவில், சேதமோ காயமோ இல்லாத வசையும் மல்லுக்கட்டலும் சராசரியாக வாரம் இருமுறை வீதம் மூன்று மாதங்கள் தொடர்ந்தாலோ, பொருளைச் சேதப்படுத்தும் அல்லது பிறரைக் காயப்படுத்தும் நிகழ்வுகள் ஓராண்டில் மூன்று நடந்தாலோ அதைக் கருதிப் பார்ப்பார்கள். ஆனால் அது ஒன்றுதான் காரணம் என்று எண்ணிவிட வேண்டாம். மனச்சோர்வு, குறிப்பாக ஆண்களிடம், அழுகையாக இல்லாமல் எரிச்சலாகவே வெளிப்படுவதுண்டு. இருதுருவக் கோளாறு, கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி., சிறுவயதில் பட்ட வன்முறையின் பின்விளைவு, குடிப்பழக்கம் ஆகியவற்றிலும் கொந்தளிப்பு வரும். ஆட்டிசம் உள்ள பெரியவருக்கு இரைச்சலும் கூட்டமும் மிகும்போது வருவதைக் கோபம் என்று எண்ணித் திட்டினால் நிலைமை மோசமாகும். அவருக்கு வேண்டியது அமைதியான ஓர் அறை.

முன்பு சாதுவாக இருந்தவரிடம் நடுவயதிலோ முதுமையிலோ இது புதிதாகத் தோன்றினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். தைராய்டு மிகைச் சுரப்பு, இன்சுலின் போட்டுக்கொள்பவரின் சர்க்கரைத் தாழ்வு, தலைக்காயம், மூளையின் முன்பகுதியைத் தாக்கும் மறதிநோய் ஆகியவை இப்படித் தொடங்கலாம். ஸ்டீராய்டு மருந்துகளும் வலிப்புக்குத் தரப்படும் லெவட்டிராசிட்டமும் சிலரிடம் கடும் எரிச்சலை உண்டாக்குகின்றன. மருந்தை நீங்களாக நிறுத்தாமல், எழுதித் தந்தவரிடம் சொல்லுங்கள்.

மாசத்துல சில நாள் மட்டும் நான் நானாவே இருக்கிறதில்லை. சொன்னா வீட்ல சிரிக்கிறாங்க.

சிரிப்பதற்கு எதுவும் இல்லை. மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் கடும் கோபமும் அழுகையும் நம்பிக்கையின்மையும் வந்து, உதிரப்போக்கு தொடங்கிய சில நாட்களில் விலகிப்போகும் நிலை பி.எம்.டி.டி. என்ற பெயரில், மேலே சொன்ன அமெரிக்கச் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டு வகைப்பாட்டிலேயே இடம்பெற்றிருக்கிறது. இரண்டு சுழற்சிகளுக்கு நாள்வாரியாகக் குறித்து எடுத்துச் சென்றால் மருத்துவர் உறுதிசெய்துகொள்ள முடியும், சிகிச்சை உண்டு. மாதம் முழுவதும் வீட்டில் ஒருவரும் கை கொடுக்காததைப் பற்றி நீங்கள் சொல்லும் புகாரை, 'அந்த நாள் கோபம்' என்று அவர்கள் தள்ளிவிட இது சாக்காகிவிடக் கூடாது.

மாத்திரை போட்டா நின்னுடுமா? பழக்கமாயிடாதா?

கோபத்துக்கென்று தனி மாத்திரை இல்லை. அடியில் உள்ள நிலைக்கே மருந்து. மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃப்ளூவாக்ஸிட்டின் போன்றவை சிலரிடம் சீற்றத்தின் வேகத்தையும் குறைக்கின்றன. அவை போதைப்பழக்கத்தை உண்டாக்குவதில்லை, எனினும் திடீரென நிறுத்தக் கூடாது. எச்சரிக்கை வேண்டியது வேறொன்றில்: பழைய சீட்டைக் காட்டியோ, தெரிந்த கடையில் கேட்டோ வாங்கும் அல்பிரசோலம் என்னும் பதற்றம் தணிக்கும் மாத்திரை. அது பழக்கமாகிவிடும், சிலரிடம் கட்டுப்பாட்டை மேலும் தளர்த்தியும்விடும். பேச்சு வழிச் சிகிச்சையோடு சேரும்போதுதான் மருந்தின் பயன் நிலைக்கிறது.

எங்க போறது? நிறைய செலவாகுமா?

இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணை நாள் முழுவதும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926. போகும்போது குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். முதல் சந்திப்பிலேயே வேலை பாதி முடிந்துவிடும்.

மன்னிப்புக் கேட்டாச்சு. இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்காங்க?

உங்கள் உடல் தணிந்துவிட்டது, அவர்கள் உடல் இன்னும் தணியவில்லை. உங்களுக்கு அது இறக்கி வைத்த சுமை, அவர்களுக்கு ஏற்றி வைத்த சுமை. மேலும் 'மன்னிச்சுக்கோ, ஆனா நீ அப்படிப் பேசினதாலதான்' என்று தொடங்கும் மன்னிப்பின் பின்பாதி முன்பாதியைத் தின்றுவிடுகிறது. செய்ததைப் பெயர் சொல்லிக் கூறுங்கள், அதனால் அவர்கள் பட்டதைச் சொல்லுங்கள், அடுத்த முறை என்ன மாற்றிச் செய்யப்போகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள், உடைத்ததை வாங்கிக் கொடுங்கள். அதன்பின் அவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரம் அவர்களுடையது. குழந்தையிடமும் இப்படியே கேட்க வேண்டும். அப்பாவோ அம்மாவோ கத்தியதற்குத் தான்தான் காரணம் என்று குழந்தை எளிதில் நம்பிவிடும்.

நான் கத்துற ஆள் இல்லை, கத்துறவரோட வாழ்றவ. நான் என்ன செய்யணும்?

உச்சத்தில் பதில் வாதம் வேண்டாம், வழியை மறித்து நிற்க வேண்டாம், குழந்தைகளை அடுத்த அறைக்கு அனுப்புங்கள். பேச வேண்டியதை மறுநாள் பேசுங்கள். அவர் விலகிப்போகும் உடன்படிக்கைக்கு முன்வந்தால் அதற்கு இடம் கொடுங்கள்.

ஆனால் வீட்டில்தான் இப்படி என்றவருக்குச் சொன்ன விடையை நீங்களும் படித்துப் பாருங்கள். அவர் உடைப்பது எப்போதும் உங்கள் பொருளாகவே இருந்தால், விருந்தாளி மணி அடித்ததும் குரல் இறங்கிவிட்டால், உங்கள் மீது கை நீண்டால், நீங்கள் யாரோடு பேசலாம் என்பதையும் அவரே முடிவுசெய்தால், அது பிடி இழப்பு அன்று, வன்முறை. அவருக்குப் பொறுமை கற்றுக்கொடுப்பது உங்கள் கடமையில்லை. இந்தியாவின் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வாய்மொழியாலும் மனத்தாலும் இழைக்கப்படும் கொடுமையையும் உள்ளடக்கியது. பெண்களுக்கான உதவி எண் 181, இலங்கையில் 1938.

ரெண்டு மாசம் நல்லா இருந்தேன், நேத்து மறுபடியும் வந்துடுச்சு. எல்லாம் வீணா?

எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதையும், முதல் விடையில் சொன்ன அளவுகளில் உச்சத்தையும் திரும்பப் பிடிக்கும் நேரத்தையும் எடுத்துப் பாருங்கள். முன்பு வாரந்தோறும் வந்தது இப்போது இரண்டு மாத இடைவெளியில் வந்திருக்கிறது. முன்பு தட்டு பறந்தது, நேற்றுக் குரல் மட்டும் உயர்ந்தது. முன்பு இரண்டு நாள் பேச்சு இல்லை, நேற்றிரவே பேசி முடித்துவிட்டீர்கள். ஒருபோதும் வராத நிலையை இலக்காக வைப்பவர்கள்தாம் முதல் சறுக்கலில் எல்லாவற்றையும் கைவிடுகிறார்கள். நேற்றைய நாளுக்கு முந்தைய இரண்டு மூன்று இரவுகளின் தூக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

என் கோபம் நியாயமானதுன்னா? நான் அமைதியாயிட்டா, அவங்க செஞ்சது சரின்னு ஆயிடாதா?

கேள்விகளிலேயே இதுதான் கடினமானது, பெரும்பாலும் பெண்களும் பணியிடத்தில் கீழ்நிலையில் வைக்கப்பட்டவர்களும் கேட்பது. கூட்டத்தில் உங்கள் உழைப்பை வேறொருவர் தன் பெயரில் சொல்லிக்கொள்கிறார்; நீங்கள் வெடிக்கிறீர்கள். அன்று மாலை எல்லோரும் பேசுவது உங்கள் குரலைப் பற்றி, அவர் செய்ததைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. கொந்தளிப்பு பெரும்பாலும் அநீதி செய்தவருக்கே உதவிவிடுகிறது. அதனாலேயே சிலர் வேண்டுமென்று சீண்டவும் செய்கிறார்கள்.

ஆகவே உடலைத் தணிப்பதையும் புகாரைக் கைவிடுவதையும் ஒன்றாக எண்ணாதீர்கள். வெளியே போய் மூச்சை இறக்கிவிட்டு, நடந்ததை நாள், நேரம், சொன்ன சொல், கேட்டவர் பெயர் ஆகியவற்றோடு எழுதி, மறுநாள் மின்னஞ்சலாக அனுப்புங்கள். வீட்டு விஷயமானால், யார் எந்த வேலையைச் செய்வது என்று தாளில் எழுதி மேசையில் வையுங்கள். எழுத்தில் வைத்த பிறகும் எதுவும் மாறவில்லை என்றால், உங்கள் குணத்தைச் சீர்படுத்திக்கொண்டே அந்த இடத்தில் இருப்பதா, அந்த இடத்தை விட்டு நகர்வதா என்பதை ஆலோசகரிடம் தனியாகப் பேச வேண்டும்.